மாமியாருக்கு வாங்கிய புடவை நாத்தனாருக்குப் போனது: இனி அன்பளிப்பே வேண்டாமா?

வாசகியின் கடிதம்

சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கும் 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். அலுவலக வேலை. கணவருக்கு ஷிஃப்ட் வேலை. 13 வயதில் மகள், 9 வயதில் மகன். 70 வயது மாமியார் உடன் இருக்கிறார். நாத்தனார்கள் இருவரும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார்கள். வாசகியின் பெற்றோர் மன்னார்குடிப் பக்கம். கடிதத்தைச் சுருக்கி, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

"சென்ற தீபாவளிக்கு முன்பு இரண்டு வாரக்கடைசி தேக்கா கடைத்தெருவிலும் முஸ்தபா கடையிலும் அலைந்து 16 பேருக்கு வாங்கினேன். 1,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. பாதிக்கு மேல் கடன் அட்டையில். டிசம்பர் போனஸ் வந்த பிறகுதான் அடைத்தேன். மாமியாருக்கு 160 வெள்ளியில் ஒரு பட்டுப் புடவை எடுத்தேன். பொங்கலன்று அதே புடவையைக் கட்டிக்கொண்டு பெரிய நாத்தனார் எங்கள் வீட்டுக்குள் வருகிறார். அத்தையே கொடுத்தாராம். ஊரில் அப்பாவுக்குக் கொடுத்த கைக்கடிகாரம் இரண்டு வருடமாகப் பெட்டியோடு பீரோவில் கிடக்கிறது. கணவரோ, 'எதுக்கு இவ்வளவு பாடு, எல்லாருக்கும் ஆளுக்கொரு அங்பாவ் (பண உறை) கொடுத்துடலாம்' என்கிறார். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் படுகிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா, யாருக்கு என்ன வாங்குவது என்று வருடம் முழுக்க போனில் எழுதி வைத்துக்கொள்கிறார். அப்படி எழுதி வைத்து வாங்கினால் அதில் பாசம் எங்கே இருக்கிறது? மளிகைக் கணக்கு மாதிரி இல்லையா? இனிமேல் யாருக்கும் எதுவும் வாங்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அப்படி நிறுத்தினால் தப்பா? என் பிறந்தநாள் இந்த வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை என்பது வேறு விஷயம்."

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் முக்கியமான கேள்விகள் மூன்று. கேட்காமல் விட்டது ஒன்று, கடைசி வரியில் இருக்கிறது. அதற்கும் வருகிறேன். முதலில் புடவையைப் பார்ப்போம், உங்கள் மனம் அங்கேதான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

கொடுத்த புடவை யாருடையது?

உங்கள் அத்தையின் கையில் கொடுத்த நிமிடமே அது அவருடைய புடவை. கட்டுவதும், மடித்து வைப்பதும், மகளுக்குக் கொடுப்பதும் அவர் உரிமை. சட்டமும் அப்படித்தான், நம் வீட்டு வழக்கமும் அப்படித்தான். உங்களுக்கு வலித்தது என்பதை நான் மறுக்கவில்லை. தேடித்தேடி எடுத்த ஒன்று, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கைமாறினால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் "அவருக்கு என் மேல் மதிப்பில்லை" என்று அடுத்த வரியில் நீங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். அங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன்.

உங்கள் கடிதத்தின் நடுவில், "அத்தைக்குச் சொந்த வருமானம் கிடையாது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. வாழ்நாள் முழுவதும் கொடுத்துப் பழகிய பெண்மணி அவர். பொங்கலுக்கு மகள் வருகிறாள், வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. கடைக்குப் போய் வாங்கக் கையில் காசில்லை, கேட்கவும் கூச்சம். அலமாரியில் இருப்பதிலேயே நல்லது எதுவோ அதை எடுத்துக் கொடுத்திருப்பார். மட்டமான புடவையாக இருந்தால் மகளுக்குக் கொடுத்திருக்க மாட்டார். என்னிடம் வரும் குடும்பங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வருமானம் இல்லாத முதியவர்களுக்குப் பொருள் இல்லையே என்ற குறையைவிட, யாருக்கும் எதுவும் கொடுக்க முடியவில்லையே என்ற குறைதான் பெரிதாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் காரணம் வேறாகவும் இருக்கலாம். அந்த நிறம் அவருக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். எழுபது வயதில், முட்டி வலியோடு, கனமான பட்டு கட்டி நிற்பது சிரமமாக இருக்கலாம். ஊகித்துக்கொண்டே இருக்காமல் ஒரு நாள் காய்கறி நறுக்கும்போது கேட்டுவிடுங்கள்: "அத்தை, இந்தத் தீபாவளிக்கு உங்களுக்குக் கட்ட லேசா ஒண்ணு எடுக்கட்டுமா? அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நீங்க கொடுக்கிற மாதிரி தனியா ஏதாவது வேணுமா?" பழைய புடவைப் பேச்சை இழுக்க வேண்டாம். அவர் பதிலிலேயே உங்களுக்கு விவரம் கிடைத்துவிடும்.

அப்பாவின் கைக்கடிகாரமும் இதே மாதிரிதான். அந்தத் தலைமுறை ஆண்கள் பலர் புதிய பொருளை அன்றாடம் பயன்படுத்த மாட்டார்கள். நல்ல நாளுக்கென்று வைத்துக்கொள்வார்கள், வருகிறவர்களிடம் "மக சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்தது" என்று பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். அவர் தினமும் பயன்படுத்துகிற ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், தீர்ந்துபோகிற பொருளாகக் கொடுங்கள். இன்றைக்கும் ஊருக்குப் போகிறவர்களிடம் கோடாலித் தைலம் கேட்கிறார்கள் என்றால், அது தீர்ந்துபோகிறது, திரும்பத் தேவைப்படுகிறது என்பதும் ஒரு காரணம்தான்.

பணம் கொடுத்தால் மரியாதைக் குறைவா?

இல்லை. மொய் எழுதும் வழக்கம் நம்முடையதுதானே? 51, 101 என்று ஒன்றில் முடியும்படி வைப்பதில் எவ்வளவு அக்கறை காட்டுகிறோம்! இங்கே சீனர்களின் அங்பாவைப் பார்த்து நாமும் தீபாவளிக்கு உறையில் போட்டுக் கொடுக்கத் தொடங்கி இப்போது அது நம் வழக்கமாகவே ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம்.

பிரச்சினை பணத்தில் இல்லை. "எதுக்கு இவ்வளவு பாடு" என்ற உங்கள் கணவரின் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. உங்களுக்குக் கசந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். ஆளறிந்து கொடுக்கும் பணம் மிக நல்ல அன்பளிப்பு. உங்கள் அத்தைக்கே ஒரு யோசனை சொல்கிறேன். தீபாவளிக்கு முன்பு வங்கிகளில் புது நோட்டு மாற்றித் தருவார்கள். 10 வெள்ளி நோட்டுகளாக 200 வெள்ளி மாற்றி, ஒரு கட்டு தீபாவளி உறைகளோடு, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே அவர் கையில் கொடுங்கள். "பேரப்பிள்ளைங்களுக்கும் அக்கா தங்கச்சிக்கும் உங்க கையாலே கொடுங்க அத்தை" என்று சொல்லுங்கள். 160 வெள்ளிப் புடவையைவிட 40 வெள்ளி கூடுதல்தான். அதற்காகத்தான் கீழே உள்ள கணக்கில் வேறு சிலருக்குக் குறைக்கச் சொல்லப்போகிறேன்.

பெரிய தொகை கொடுக்க முடிகிற ஆண்டுகளில் இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் அத்தை சிங்கப்பூர்க் குடிமகள் என்று எழுதியிருக்கிறீர்கள். மத்திய சேமநிதியில் சேமிப்புக் குறைவாக உள்ள 55 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களின் ஓய்வுக்காலக் கணக்கில் குடும்பத்தார் ரொக்கமாகப் பணம் போட்டால், அரசாங்கமும் அதே அளவு தொகையைச் சேர்க்கும் திட்டம் 2021 முதல் இருக்கிறது. 2025 முதல் ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரையும், வாழ்நாளில் 20,000 வெள்ளி வரையும் அப்படிச் சேர்க்கிறார்கள். முன்பு 70 வயது என்றிருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். நீங்கள் 300 வெள்ளி போட்டால் அவருக்கு 600 வெள்ளி. மாத வருமானம், சொத்து, வீட்டின் ஆண்டு மதிப்பு ஆகியவற்றுக்கு வரம்புகள் உண்டு. அத்தை தகுதி பெறுகிறாரா என்பதைச் அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் வழியாகச் சேமநிதி இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். போட்ட பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது, சேமநிதியிலிருந்து அவருக்கு மாதாமாதம் வரும் தொகையில் சேர்ந்துதான் வரும். நீங்கள் போடுவதில், அரசாங்கம் ஈடாகப் பணம் சேர்க்கும் அளவுக்கு உங்களுக்கு வருமான வரிக் கழிவும் கிடையாது. ஆகவே இதைப் பண்டிகை அன்பளிப்புக்குப் பதிலாகச் செய்யாதீர்கள். கணக்கில் ஏறும் எண்ணை யாரும் பேரன் கையில் வைத்துக் கொடுக்க முடியாது. நாத்தனார்கள் இருவரோடும் சேர்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை தனியாகச் செய்யுங்கள்.

எழுதி வைத்தால் பாசம் குறையுமா?

உங்கள் அலுவலக அக்கா செய்வதுதான் சரி என்று நினைக்கிறேன். கடைசி இரண்டு வாரத்தில், தேக்கா நெரிசலில், கால் கடுக்க நின்று 16 பேருக்கு வாங்கும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் எத்தனை நிமிடம் யோசித்திருப்பீர்கள்? அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது விலைச்சீட்டும் வரிசையும்தான். அதே மனிதரைப் பற்றிப் பத்து மாதமாக ஒவ்வொரு வரியாகக் குறித்து வைத்தவர் கடைக்குள் நுழையும்போது, என்ன வேண்டும் என்று தெரிந்தே நுழைகிறார்.

ஆனால் "என்ன வாங்க வேண்டும்" என்று பட்டியல் போடாதீர்கள். அவர்கள் பேசுவதை எழுதுங்கள். மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், "ஒண்ணும் வேணாம்மா" என்பார்கள். ஆனால் வேறு ஏதோ பேசும்போது வாயிலிருந்து வந்துவிடும். மார்ச் மாதத்தில் அம்மா தொலைபேசியில், "ஊசியில நூல் கோக்கத் தெரியலடி" என்று சொல்லியிருப்பார். அதை அன்றைக்கே எழுதிவைத்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கண் பரிசோதனையும் புதுக் கண்ணாடியும் அவருக்கான அன்பளிப்பு. அதற்கு இங்கிருந்து எதையும் சுமந்து போகத் தேவையில்லை. ஆகஸ்டில் அத்தை, "முட்டி வலியில புரட்டாசி சனிக்கு பெருமாள் கோயிலுக்குக்கூட போக முடியல" என்று முனகியிருப்பார். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை காலை, வாடகைக் காரில் சிராங்கூன் ரோட்டு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வரிசையில் அவரோடு நின்று, திரும்பும் வழியில் அவருக்குப் பிடித்த கடையில் சாப்பிட வைத்து அழைத்து வாருங்கள். அன்பளிப்பு என்று பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

நோட்டுப் புத்தகமானாலும் போனானாலும் சரி, ஆளுக்கு ஒரு பக்கம் போதும். அதில் நான் எழுதச் சொல்வது இவைதான்: அவர்கள் சொன்னது, தேதியோடு, ரவிக்கை அளவு, செருப்பு அளவு, ஆகாத நிறம், ஆகாத உணவு, போன வருடம் கொடுத்தது, அதற்கு என்ன ஆனது. கடைசியாகச் சொன்னதைக் குற்றப்பத்திரிகையாக எழுதாதீர்கள். "கடிகாரம், பெட்டியில் இருக்கிறது. பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்" என்று எழுதினாலும் அது உண்மைதானே.

அடுத்து, நாள்கள். நம் வீடுகளில் பெரியவர்களுக்கு நட்சத்திரப் பிறந்தநாள்தான் பிறந்தநாள். அது ஆண்டுதோறும் ஆங்கிலத் தேதியில் மாறும் என்பதால்தான் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். ஜனவரியில் தமிழ் நாட்காட்டி கைக்கு வந்ததும் அத்தை, அம்மா, அப்பா மூவருடைய நட்சத்திரமும் அந்தந்தத் தமிழ் மாதத்தில் எந்த நாளில் வருகிறது என்று பார்த்து, போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். அப்பாவுக்கு வரும் ஆவணியில் எழுபது என்று எழுதியிருக்கிறீர்கள். பீமரத சாந்தி செய்யும் எண்ணம் உண்டா என்று இப்போதே கேளுங்கள். ஆவணி என்றால் ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. இங்கே பள்ளிகளுக்குச் செப்டம்பரில் ஒரு வார விடுமுறை இருக்கிறது. நாள் அதற்குள் விழுந்தால் பிள்ளைகளோடு திருச்சிக்கு விமானம் ஏறலாம். அந்த ஆண்டு உங்கள் பெற்றோருக்கு நீங்கள் நேரில் வந்து நிற்பதைவிடப் பெரிய அன்பளிப்பு இருக்காது, அதனால் தீபாவளிக்கு அவர்களுக்குத் தனியாக எதுவும் அனுப்பத் தேவையில்லை. அம்மாவுக்கு நகை கொண்டு போவதாக இருந்தால், வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்துவிட்டுத் திரும்பும் இந்தியர்களுக்குத்தான், பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் வரை வரியில்லாமல் கொண்டுபோகும் சலுகை. மற்ற நிபந்தனைகளை இந்தியச் சுங்கத்துறையின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் மகளின் சடங்குக்குத் தங்கத் தோடு (காதணி) வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். 916 (22 காரட்) நகைக்குத் தங்கத்தின் விலையோடு செய்கூலியும், 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். திரும்ப விற்றால் அந்த இரண்டும் வராது. சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு சக்திக்கு மீறி வாங்காதீர்கள், அன்பளிப்பு என்றே வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை சிறுவர் தினம், அதற்குச் சில வாரங்களிலேயே பெரும்பாலும் தீபாவளி, பிறகு டிசம்பர். மூன்று மாதத்தில் மூன்று முறை பொருள் குவிந்தால் எதுவும் மனதில் தங்காது. ஒன்றைப் பொருளாகவும் மற்றவற்றை வெளியே போய்வருவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் வாங்கிய தீபாவளி

1,900 வெள்ளி உங்கள் வருமானத்துக்கு அதிகமா குறைவா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது, உங்கள் போனஸ் டிசம்பரில் வருகிறது. இந்த இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் இருக்கும். இங்கே கடன் அட்டைக்கு வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல். தவணையில் வாங்கும் செயலிகளில் வட்டி இல்லை என்பார்கள். தவணை தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. இரண்டு மூன்று செயலிகளில் பிரித்துப் பிரித்து வாங்கும்போது மொத்தக் கடன் எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

ஜனவரியிலிருந்து மாதம் 120 வெள்ளியைத் தனிக் கணக்கில் ஒதுக்கினால் செப்டம்பர் முடிவில் 1,080 வெள்ளி இருக்கும். அதற்குள் தீபாவளியை முடித்துக்கொள்ளுங்கள். 16 பேரில் பெரியவர்களான நாத்தனார்களும் அவர்கள் கணவர்மாரும் உங்களிடம் சட்டையும் புடவையும் எதிர்பார்க்கிறார்களா என்பதைக் கேட்டே பாருங்கள். "இந்த வருஷம் பெரியவங்களுக்குள்ள வேண்டாம், பிள்ளைங்களுக்கு மட்டும் செய்வோம்" என்று நீங்கள் சொன்னால் அவர்களுக்கும் நிம்மதியாக இருக்க வாய்ப்புண்டு. அவர்களும் இதே அலைச்சலில்தான் இருப்பார்கள். இதை உங்கள் கணவர் தன் அக்கா தங்கையிடம் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் வேறு மாதிரி கேட்கும்.

முன்கூட்டி வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பதற்காகக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. அது கடையின் விருப்பம். வாங்கும்போதே மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். பொருளில் குறை இருந்தால் கதை வேறு. வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, தரும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. இது 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒத்துவராவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது. எனவே மின்சாரப் பொருளை ஜனவரியிலேயே வாங்கி நவம்பர்வரை பிரிக்காமல் வைத்திருக்க வேண்டாம். துணிக்கு நேர் எதிர். தீபாவளி நெருங்கினால் தையற்காரர்கள் புது வேலை எடுக்க மாட்டார்கள் என்பதால் ஆகஸ்டுக்குள் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி

16 பேருடைய அளவும் விருப்பமும் உங்கள் ஒருவர் தலையில் இருக்கின்றன. அவர்களில் பாதிக்கு மேல் உங்கள் கணவர் வீட்டார். அவருடைய அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று யோசிப்பது அவர் வேலையும்தான். அந்த நோட்டில் அவருடைய அம்மா, அக்கா, தங்கை பக்கங்களை அவரே எழுதட்டும். ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிறவரிடம் அன்றே பேச வேண்டாம், ஓய்வு நாளில் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு 13 வயது. தாத்தா பாட்டி பக்கத்தை அவளிடம் கொடுங்கள். வாரம் ஒருமுறை ஊருக்குப் பேசும்போது அவர்கள் சொன்னதை அவள் குறித்துவைப்பாள். பேசுவதற்கும் அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

அன்பளிப்பையே நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. நிறுத்துவது தப்பில்லை. ஓராண்டு யாருக்கும் எதுவும் வாங்காமல் இருந்தால் குடும்பம் உடைந்துவிடாது. ஆனால் கோபத்தில் நிறுத்தினால் நீங்கள் சொல்ல நினைப்பது யாருக்கும் போய்ச் சேராது. "இந்த வருஷம் அண்ணிக்குக் கை கொஞ்சம் இறுக்கம் போல" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் மனத்தாங்கல் உங்களோடே கிடக்கும்.

"வேறு விஷயம்" என்று தள்ளி எழுதினீர்களே, உங்கள் பிறந்தநாள், அது வேறு விஷயம் இல்லை. எல்லாருக்கும் நினைவுவைத்து வாங்கும் ஒருவரை யாரும் நினைவில் வைக்கவில்லை என்றால் புடவை கைமாறியது இரண்டு மடங்கு வலிக்கும். உங்கள் வீட்டாருக்கு உங்கள் மேல் அன்பில்லை என்று நான் நம்பவில்லை. அந்த வீட்டில் நாள்களை நினைவில் வைப்பவர் நீங்கள் ஒருவர்தான், உங்கள் நாளை உங்களுக்கு நீங்களே நினைவூட்டிக் கொண்டாட முடியாது, அவ்வளவுதான். தானாகத் தெரிந்து செய்தால்தான் அன்பு என்று காத்திருந்து மனம் கசந்துபோன பெண்கள் பலரை எனக்குத் தெரியும். தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

அந்த நோட்டில் உங்களுக்கும் ஒரு பக்கம் வையுங்கள். பிறந்த தேதியை மேலே எழுதுங்கள். என்ன பிடிக்கும், என்ன வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். ஒரு நாள் சமைக்காமல் இருப்பது, தனியாக ஒரு மாலைப்பொழுது வெளியே போய்வருவது என்று எதுவானாலும் சரி. எழுதி முடித்ததும் உங்கள் கணவரிடம், பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் இருக்கும்போது காட்டுங்கள். "இந்த வருஷம் என் பிறந்தநாளை நீங்க மூணு பேரும் சேர்ந்து செய்யணும்னு ஆசையா இருக்கு" என்று சொல்லுங்கள். சுற்றிவளைக்காமல், இதே சொற்களில் சொன்னாலே போதும். அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.